தமிழில் வழிசொல்லும் கைபேசிச் செயலி மலையகப் பாதையில் எவ்வளவு உதவும்?

வரைபடச் செயலிகள் தமிழில் பேசத் தொடங்கியதும், விழிப்புலனற்றவர்களாகிய எங்களில் பலர் இனி எவருடைய கையையும் பிடிக்காமல் ஊர் சுற்றலாம் என்று எதிர்பார்த்தோம். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனை அண்டிய தேயிலைத் தோட்டப் பகுதியில் வசிப்பவன், வெள்ளைப்பிரம்புடன் தனியே நடமாடுபவன், தொழில் ஆசிரியம். பரவலாகப் பயன்படும் இலவச வரைபடச் செயலி ஒன்றின் தமிழ்க் குரலைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் அதன் பின் வந்த வரட்சிக் காலத்திலும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பின்பே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். அதன் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. நான் குறிப்பிடப் போகும் குறைகள் இவ்வகைச் செயலிகளின் அடிப்படை அமைப்பிலிருந்தே பிறப்பவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் பயணத்துக்கும் நகரத் தெருவுக்கும் இச்செயலியைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் கால் வைத்த பிறகு, அதன் பேச்சை மட்டும் நம்பி நடப்பது ஆபத்தானது. நிலத்தை மேடு பள்ளமற்ற தாளாகவே அது எண்ணிக்கொண்டு பேசுகிறது. நாங்களோ மேட்டிலும் பள்ளத்திலும் வாழ்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினால் கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஊர்கள் வரிசையாக வரும். சனம் நிறைந்த பஸ்ஸில் நடத்துநர் எல்லாத் தரிப்பிடங்களையும் கூவிச் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பத் திரும்ப "தலவாக்கலை வந்திருச்சா?" என்று கேட்பதும் சங்கடமாக இருக்கும். இறங்குமிடத்தைச் செயலியில் குறித்துவிட்டு ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டால், எவ்வளவு தூரம் மீதி இருக்கிறது என்பதைக் கைபேசியைத் தட்டித் தட்டித் தெரிந்துகொள்ளலாம். பஸ்ஸில் சரியான இடத்தில், எவரையும் தொந்தரவு செய்யாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆயத்தமாக எழுந்து நிற்பது பார்வையுள்ளவர்களுக்குச் சிறிய விடயமாகத் தோன்றலாம். எங்களுக்கு அது பெரிது. இந்த ஒன்றுக்காகவே செயலியைக் கைபேசியிலிருந்து நான் நீக்க மாட்டேன்.

குரலும் தெளிவானதே. கைபேசித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானுடன் அது மோதிக்கொள்வதில்லை. பேச்சின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. தேவையான பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால், சிக்னல் அறுந்துபோகும் மலை மடிப்புகளிலும் அது பேசாமல் நின்றுவிடுவதில்லை.

ஊர்ப் பெயர்களில் மட்டும் தடுமாற்றம் இருக்கிறது. வரைபடத்தில் பெயர்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதியப்பட்டிருப்பதால் தமிழ்க் குரல் அவற்றை எழுத்துக்கூட்டி, உள்ளூரில் எவரும் அறியாத ஓர் ஒலியாக ஆக்கிவிடுகிறது. நுவரெலியா ரோட் என்று எல்லோரும் சொல்லும் வீதியை அது வீதி இலக்கத்தைக் கொண்டு "ஏ ஏழு" என்கிறது. பழகினால் விளங்கிவிடும் என்பதால் இதை நான் பெரிதுபடுத்தவில்லை.

பெரிய சிக்கல் மீற்றர் கணக்கில் தொடங்குகிறது. திறந்த வானத்தின் கீழ் சாதாரண கைபேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீற்றர் ஆரத்துக்குள் இடத்தைச் சரியாகக் காட்டும் என்பது அமெரிக்க அரசு வெளியிட்டுள்ள தகவல். ஒரு பக்கம் மலைச்சுவரும் மேலே சவுக்கு, யூகலிப்டஸ் மரங்களும் வானத்தை மறைக்கும் இடத்தில் இந்தப் பிழை இன்னும் கூடும். காரில் செல்பவருக்கு 5 மீற்றர் ஒரு பொருட்டே இல்லை. என் பிரம்பு தொடுவது ஓர் எட்டு முன்னால் மட்டுந்தான். தோட்டப் பாதையின் அகலமோ பல இடங்களில் 3 மீற்றரைத் தாண்டாது. மலைப்பக்கம் கான் (வடிகால்) ஓடும், மறுபக்கம் தேயிலைச் சரிவு கீழிறங்கும். "20 மீற்றரில் வலப்புறம் திரும்பவும்" என்ற கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் பாதைக்கு முந்தியோ பிந்தியோ திரும்பிச் சரிவில் கால் வைக்க நேரும். கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, செயலி திரும்பச் சொன்ன இடத்தில் பிரம்பை நீட்டியபோது அதன் முனைக்கு நிலமே அகப்படவில்லை. நான் நின்றுவிட்டேன், படிக்கட்டு அதற்குச் சற்று மேலே இருந்தது.

கொண்டை ஊசி வளைவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை எந்தச் செயலியிலும் நான் கேட்டதில்லை. பார்வையற்றவர் மலைப்பாதையில் நடக்கும்போது பிரம்பால் கானின் விளிம்பைத் தட்டிக்கொண்டே செல்வார். கான் இருக்கும் பக்கம் மலை, ஆகையால் விழுந்துவிடும் அச்சம் இல்லை. ஒரே சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மலைப்பக்கம் கை மாறிவிடும். வளைவுக்கு முன் மலை இடக்கைப் பக்கம் இருந்தால், வளைவைத் தாண்டியதும் அது வலக்கைப் பக்கம் வந்துவிடும். இடது விளிம்பையே பிடித்துக்கொண்டு வளைவின் உட்புறமாகச் சுற்றி வருபவர், தம்மை அறியாமலேயே பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருப்பார். ஆகவே வளைவில் பாதையைக் குறுக்கே கடந்து மறுபக்கக் கானைப் பிடிக்க வேண்டும். அதுவும் வளைவின் நடுவில் கடக்கக் கூடாது, மேலிருந்து வரும் வண்டியும் கீழிருந்து வரும் வண்டியும் காதுக்கு ஒரே அளவில் எட்டும் இடம்வரை போய்க் கடக்க வேண்டும். இவ்வளவும் நிகழும் இடத்தில் செயலி வாயே திறப்பதில்லை. பாதை பிரியவில்லை, ஆகையால் சொல்ல ஒன்றும் இல்லை என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் முன்பே காட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு உளவியலாளர் மிஷெல் தெனியும் அவருடைய இத்தாலியச் சகாக்களும் வெனிஸ் நகர மக்கள் வழி சொல்லும் விதத்தை ஆராய்ந்து 1999 இல் வெளியிட்டார்கள். நல்ல வழிகாட்டல் என்பது நீண்ட வருணனையாக இருப்பதில்லை, முடிவெடுக்க வேண்டிய இடங்களில் அடையாளங்களைச் சரியாகப் பொருத்துவதே அதன் உயிர் என்பது அவர்களுடைய ஆய்விலிருந்து கிடைக்கும் பாடம். செயலிகளும் இதையே பின்பற்றுகின்றன. எது முடிவெடுக்கும் இடம் என்பதை யார் தீர்மானிப்பது? பார்வையுள்ளவருக்குச் சந்தி, எனக்குக் கான் முடியும் இடம், மலை கை மாறும் இடம், தார்ப் பாதை கல் பாதையாகும் இடம். கிளாஸ்கோ நகரின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் பிராட்லியும் மார்க் டன்லப்பும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. பார்வையுள்ளோர் சொன்ன வழிகளையும் பார்வையற்றோர் சொன்ன வழிகளையும் அவர்கள் தனித்தனியே தொகுத்து, இரண்டையும் நடந்து பார்க்கச் செய்தார்கள். பார்வையற்றோரின் விவரணையில் காலடியில் உணர்வது, காதில் கேட்பது, மூக்கில் படுவது எல்லாம் இடம்பெற்றிருந்தன. அதைக் கேட்டு நடந்த பார்வையற்றோர் குறித்த அடையாளங்களை விரைவாக அடைந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் கைபேசியில் இருக்கும் குரல் முதல் வகையினரின் வழியை மட்டுமே எனக்குச் சொல்கிறது.

புறப்படும்போது வரும் முதல் வாக்கியமே இதற்குச் சான்று. "வடகிழக்கு நோக்கிச் செல்லவும்" என்று குரல் தொடங்கும். நின்ற இடத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறார் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது, நகர்ந்தால்தான் தெரியும். கைபேசியின் திசைகாட்டியோ தகரக் கூரைக்கும் தண்டவாளத்துக்கும் அருகில் தடுமாறும். திசை பிடிபடுவதற்காகச் சில எட்டுகள் நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில எட்டுகளே பாதுகாப்பானவை என்று யார் உறுதி சொல்ல முடியும்?

திசைப் பெயர்கள் தமிழருக்கு அந்நியமானவை என்றும் சொல்ல முடியாது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் 1990களில் செய்த ஆய்வில், கிராமத்துத் தமிழர் பொருள்களின் இருப்பைக் கிழக்கு, மேற்கு என்று திசைகளால் சொல்ல, நகரத்துத் தமிழர் இடம், வலம் என்று சொல்லும் போக்கைக் கண்டார். மலையகத்தில் நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மேல், பணிய (கீழே) என்றே பேசுகிறோம். மேட்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பணிய லயம், மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கும் விளங்கும். மெக்சிக்கோவின் மலைப்பகுதியான தெனெஹாபாவில் வாழும் செல்தால் மொழியினரும் மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்ற கணக்கிலேயே வழி சொல்கிறார்கள் என்று பெனலோப் பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மலையில் வாழ்பவருக்கு மேடும் பள்ளமும் கால் நரம்பிலேயே தெரிவதால், பார்வை இல்லாவிட்டாலும் ஒருபோதும் தவறாத திசை அதுதான். நிலத்தின் உயரத் தரவு செயலிகளிடம் இல்லாமல் இல்லை. சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்ற இறக்க வரைபடம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அந்தத் தரவை "மேலே ஏறும் பாதையைப் பிடிக்கவும்" என்ற ஒரு தமிழ் வாக்கியமாக மாற்றுவதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை.

உயரத்தை விட்டுவிட்ட வரைபடம் எவ்வளவு குழப்பும் என்பதற்குத் தெமோதரை ரயில் நிலையத்தை உதாரணமாகச் சொல்லலாம். பதுளைப் பாதையில் அங்கே தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தினூடே செல்கிறது. தட்டையான வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. உண்மையில் ஒன்றின் தலைக்கு மேல் மற்றொன்று. தோட்டங்களில் ஒரு லயத்தின் கோடிக்கு நேர் மேலே அடுத்த லயத்தின் வாசல் இருப்பதும் இப்படித்தான். "சேருமிடம் வந்துவிட்டது" என்று குரல் சொல்லும்போது நான் தேடும் வீடு தலைக்கு மேலே, படிக்கட்டு எங்கோ இருக்கும்.

நேரக் கணக்கும் இதனாலேயே பிழைக்கிறது. மலையேறுவோருக்காக வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892 இலேயே ஒரு விதி வகுத்தார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். செயலி தரும் நடைநேரத்துடன் இந்த விதிப்படி ஏற்றத்துக்குரிய நேரத்தைக் கூட்டிக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக வருகிறது. பிரம்புடன் நடப்பவர் அதற்கு மேலும் ஒதுக்க வேண்டும்.

வாய்மொழிக் கட்டளைக்குப் பதிலாக ஒலியாலேயே வழிகாட்டும் முறையும் உண்டு. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் ஜாக் லூமிஸ், ரெஜினால்ட் கோலெஜ், ரொபர்ட்டா கிளாட்ஸ்கி ஆகியோர் ஜிபிஎஸ் துணையுடன் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் அமைப்பை உருவாக்க 1980களின் நடுப்பகுதியிலிருந்து உழைத்தார்கள். கோலெஜ் புவியியலாளர், 1984 இல் தாமே பார்வையை இழந்தவர். அடுத்த இலக்கு இருக்கும் திசையிலிருந்தே ஒலி வருவதுபோல் காதில் கேட்கச் செய்தால், இடம் வலம் என்று சொல்வதைவிட நன்றாக நடக்க முடிகிறது என்று அவர்களுடைய சோதனைகள் காட்டின. மைக்ரோசொஃப்ட் 2018 இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் செயலி இதே வழியில் வந்தது. 2023 இல் அதன் மூலநிரலைப் பொதுவில் விட்டார்கள். சமதரை நகரில் இது அருமையான ஏற்பாடு. இங்கேயோ இலக்கு இருக்கும் நேர்த்திசை பெரும்பாலும் பள்ளத்தின் மேலாகப் போகும் திசை. ஒலி அக்கரை மலையிலிருந்து அழைக்கும். பாதை அதற்கு முதுகு காட்டிக்கொண்டு போகும். திசை தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்தலாம், பின்தொடரக் கூடாது.

அப்படியானால் காதுக்கு எந்த அடையாளம் உதவும்? இதிலும் மலையகத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. பீலியில் (மலை ஊற்று நீர் விழும் குழாயில்) கொட்டும் தண்ணீரின் சத்தம் மிக நல்ல அடையாளம், ஆனால் மாசியிலும் பங்குனியிலும் பல பீலிகள் அடங்கிவிடும். ஆடியிலோ எல்லாக் கானும் பீலியாகிவிடும். தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) இயந்திர இரைச்சலும் கொழுந்து வாடும் வாசமும் தூரத்திலேயே பிடிபடும், கொழுந்து குறைந்து ஸ்டோர் ஓடாத நாளில் இரண்டும் இல்லை. ஹட்டன் நகரில் லொத்தர் விற்பவரின் ஒலிபெருக்கி உதவும். பாண் விற்கும் ஆட்டோவின் இசை நகர்ந்துகொண்டே இருப்பதால் உதவாது. தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது செயலியின் குரல் உட்பட எல்லாச் சத்தங்களும் மூழ்கிவிடும். மாறாதவை காலடியில் இருப்பவை: கானின் விளிம்பு, படியின் உயரம், பாலத்தின் கொங்கிரீட், கருங்கல் பதித்த ஏற்றம். மண்சரிவு வந்தால் அவையும் மாறும். அப்படி மாறியதை அன்றைக்கே அறிந்துகொள்பவர்கள் அந்தப் பாதையில் நடப்பவர்கள் மட்டுமே.

ஆகையால்தான் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளாடிமிர் குல்யுகினும் ஜோன் நிக்கல்சனும் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லோகன் நகரின் பேரங்காடி ஒன்றில் பார்வையற்றோர் தனியாகப் பொருள் வாங்க, வாய்மொழி வழி விவரணையையும் அடுக்குகளில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பட்டைக்குறியீடுகளையும் மட்டுமே அவர்கள் நம்பினார்கள். கடைக்குள் புதிதாக எந்தக் கருவியையும் பொருத்தவில்லை. பிரம்புடன் நடக்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு, அவர் நிற்கும் இடத்தை ஒவ்வொரு நொடியும் அளந்துகொண்டிருக்கும் இயந்திரம் தேவையில்லை, நன்றாகச் சொல்லப்பட்ட வழி போதும் என்பது அவர்களுடைய அடிப்படை எண்ணம். அத்தகைய வழி விவரணைகளைப் பார்வையற்றோரே எழுதித் தமக்குள் பகிர்ந்துகொள்ள ஓர் அமைப்பையும் அவர்கள் முன்மொழிந்தார்கள்.

இதை நாங்கள் இங்கே சிறிய அளவில் செய்து பார்க்கிறோம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் பாதை கேட்டபோது அவர் சொன்னதைக் கைபேசியில் பதிந்துகொண்டேன்: "சேர், இந்தக் கானப் புடிச்சே போங்க. பீலித் தண்ணி கேக்கும். அதத் தாண்டுனா கல்லு படி மேல ஏறும், அதுல ஏறிருங்க. பணியப் போற ரோட்டுல போயிறாதீங்க, அது மடுவத்துக்குப் போயிரும்." இந்த நான்கு வாக்கியத்தில் பிடித்துக்கொண்டு நடக்க விளிம்பு இருக்கிறது, காதுக்கு அடையாளம் இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, தவறினால் எங்கே போய் முடியும் என்பதும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது மிகப் பெரியது: தவறான பாதையில் இறங்கிவிட்டால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுச் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிடும். செயலியோ "வழி மாற்றப்படுகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அக்கா சொன்ன பீலி வரட்சியில் அடங்கும் என்பதால், அதன் அருகிலுள்ள கொங்கிரீட் பாலத்தையும் சேர்த்துப் பின்னர் பதிந்தேன். இப்போது பிரதான வீதிவரை செயலியும் அதற்கு மேல் இந்தப் பதிவும் என்று இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

செயலி செய்வோரிடம் கேட்க வேண்டியது இதற்கு அப்பால் அதிகம் இல்லை. பாதையோடு ஒலிப்பதிவை இணைக்கவும், அதை உள்ளூர்வாசிகள் திருத்தவும், திருத்திய மாதம் கேட்பவருக்குத் தெரியவும் இடம் வேண்டும். 2019 இல் கூகுள் வரைபடம் பார்வையற்றோருக்கான விரிவான நடைவழிக் குரலை அறிமுகப்படுத்தியபோது அது அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும் தொடங்கியது. சாலையைக் கடக்கும் முன் எச்சரிப்பது போன்ற வசதிகள் அதில் இருந்தன. அத்தகைய முயற்சி தமிழுக்கு வரும்போது ஏற்றமும் இறக்கமும் கானும் அதில் இருந்தாக வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வைப்பது நம் கடமை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. கட்டடங்களை அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சாசனத்தை 2016 இல் நாடு ஏற்றுக்கொண்டது. தோட்டப் பாதையில் உடைந்த கான் மூடியை மாற்றுவதும், படிக்கட்டுக்குக் கைப்பிடி அமைப்பதும் இவற்றின் நோக்கத்துக்குள் அடங்குபவையே. அவை நடந்தால் எந்தச் செயலியும் இன்னும் பாதுகாப்பாகும்.

செயலியை நிறுவ எண்ணும் விழிப்புலனற்ற நண்பர்களுக்கு: இரண்டு காதையும் அடைக்கும் இயர்போனை மலைப்பாதையில் பயன்படுத்தாதீர்கள், காது எலும்பு வழியாக ஒலிக்கும் வகை கிடைத்தால் அதுவே மேல், இல்லையேல் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக் குரலை வெளியே கேட்கலாம். வீட்டிலிருந்து புறப்படும் முன் வரைபடத்தைத் தரவிறக்கி, முழு வழியையும் ஒரு தடவை வரிசையாக வாசிக்கக் கேளுங்கள். புதிய பாதையில் முதல் நடை தெரிந்த ஒருவருடனேயே அமையட்டும். அந்த நடையில் செயலி மௌனமாக இருக்கும் இடங்களை எல்லாம் உங்கள் சொந்தக் குரலில் பதிந்துகொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டால் நடையை நிறுத்தி ஒதுங்கி நில்லுங்கள், ஏனெனில் அப்போது குரலும் கேட்காது, வண்டியும் கேட்காது.